ஏகே400: கூலர் நல்லதுதான், எந்தப் பக்கம் பார்த்து மாட்டினீர்கள்?

டீப்கூல் ஏகே400 ப்ராசஸர் கூலரை நான் வாங்கியது கத்திரி வெயில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். வேலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மே மாதத்தில் எங்கள் ஊரில் 40 டிகிரி என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஏசி இல்லாத எடிட்டிங் அறையில் மதியம் மூன்று மணிக்கு உள்ளே இருக்கிற காற்றே 36, 37 டிகிரியில் நிற்கும். எந்தக் கூலராக இருந்தாலும் அந்தக் காற்றை வைத்துத்தான் ப்ராசஸரைக் குளிர்விக்க வேண்டும். யூடியூபில் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிற எண்களை அப்படியே நம்பி இங்கே யாரும் வாங்காதீர்கள்.

எங்களுடையது சின்னக் கல்யாண ஸ்டூடியோ. வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் எடிட் செய்வேன். கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ7-12700 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேபினெட். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும். முகூர்த்த சீசனில் ராத்திரி எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்து எடுப்பது) போட்டால் விடியும்வரை ஓடும்.

ஐ7-12700 அட்டையில் 65 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. முழு வேகத்தில் ஓடும்போது இன்டெல்லே கொடுத்திருக்கிற உச்சம் 180 வாட். பெட்டியோடு வருகிற கூலர் அந்த 65 வாட்டை மனதில் வைத்துச் செய்தது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை விடிய விடிய ரெண்டர் செய்வது அதன் வேலையே கிடையாது. 100 டிகிரியைத் தொட்டதும் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது, ஆனால் வேலை நீண்டுகொண்டே போகும். பெண் வீட்டார் போன் செய்து "மேடம், ஆல்பம் வீடியோ எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஏகே400க்கு வருவோம். ஒற்றைக் கோபுரம் (சூட்டைக் காற்றில் விடுகிற மெல்லிய தகடுகளின் அடுக்கு ஒன்று), 6 மி.மீ. தடிமனில் நான்கு செம்புக் குழாய்கள், 120 மி.மீ. ஃபேன் ஒன்று, நிமிடத்துக்கு அதிகபட்சம் 1850 சுற்று, உயரம் 155 மி.மீ. நான் வாங்கியபோது விலை மூவாயிரத்துக்குள். சாதாரண மாடலில் லைட் கிடையாது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. புடவை நிறத்தை மானிட்டரில் பார்த்துச் சரிசெய்கிற ஆள் நான். பக்கத்தில் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து ஊதாவும் பச்சையும் மாறி மாறி அடித்தால் அரக்கு எது, மெரூன் எது என்றே தெரியாமல் போய்விடும்.

தகடுகள் நேராக, ஒழுங்காக இருந்தன. அடிப்பாகம் தட்டையாக ப்ராசஸரோடு நன்றாக உட்கார்கிறது. ரேம் ஸ்லாட்டுகள் மேல் ஃபேன் வந்து படுத்துக்கொள்வதில்லை. பழைய பெரிய கூலர்களில் முதல் ரேமைக் கழற்ற வேண்டும் என்றால் ஃபேனையும் கழற்ற வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. இந்த அளவில் கூலரைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். சொல்லப்படாமல் போகிற விஷயம் வேறு: இதை எந்தத் திசையில் மாட்டுவது?

மதர்போர்டில் என் ப்ராசஸர் உட்காருகிற இடமான இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டைச் சுற்றியுள்ள நான்கு ஓட்டைகளும் 78 மி.மீ. இடைவெளியில் சரியான சதுரமாக இருக்கும். சதுரம் என்பதால் கூலரை நான்கு திசையில் எதில் வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். வசதி மாதிரித் தெரியும். எனக்கு மாட்டிக் கொடுத்த கடைப் பையன் (கடைப் பெயர் வேண்டாம், நல்ல பையன்) ஃபேன் கீழே இருக்கும்படி, காற்று கீழிருந்து மேலே போகும்படி மாட்டியிருந்தான். ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன்.

"சூடான காத்து மேலதானக்கா போகும். அதான் அது போற பக்கமே விட்டுட்டேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். ஆனால் கேபினெட்டுக்குள் நடப்பது வேறு. சூடான காற்று தானாக மேலே எழும்புகிற வேகம் ரொம்ப ரொம்பக் குறைவு. மெதுவாகச் சுற்றுகிற ஒரு 120 மி.மீ. ஃபேன் கூட அதைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றைத் தள்ளும். ஃபேன் ஓடுகிற பெட்டிக்குள் சூடு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை முடிவு செய்வது ஃபேன்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, கூலர் எங்கிருந்து காற்றை எடுக்கிறது, அங்கே என்ன காற்று இருக்கிறது என்பது.

என் கேபினெட்டில் கூலருக்கு நேர் கீழே இருந்தது கிராபிக்ஸ் கார்டின் முதுகு. ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலை செய்யும்போது 170 வாட் வரை எடுக்கும், அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். அதன் ஃபேன்கள் கீழே இருந்து காற்றை இழுத்து, சூடேற்றி, ஓரங்கள் வழியாகக் கேபினெட்டுக்குள்ளேயே விடும். அந்தச் சூடு மேலே வருகிற இடத்தில் ஏகே400 வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. முன்னால் இரண்டு ஃபேன் கொண்டுவருகிற வெளிக்காற்று பக்கவாட்டில் தகடுகளைத் தொடாமல் பின்பக்க ஃபேன் வழியாக வெளியே போய்விடுகிறது. பந்தியில் நாம் உட்கார்ந்திருக்க, பக்கத்து வரிசையோடு சாம்பார் வாளி போய்விட்ட கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றித் திருப்பினேன். வீட்டுக்காரர் "ஃபேனைத் திருப்பி வைக்க ஒரு நாளா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இப்போது ஃபேன் ரேம் பக்கம், அதாவது கேபினெட்டின் முன்பக்கம் இருக்கிறது. காற்று முன்னாலிருந்து வந்து, தகடுகளுக்குள் நுழைந்து, நேராகப் பின்பக்க ஃபேனுக்குப் போகிறது.

பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) ப்ராசஸருக்கு 125 வாட் என்று வரம்பு வைத்து, அதே ப்ராஜெக்டை அதே மதிய நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். மேல்நோக்கி இருந்தபோது ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து வேலை செய்கையில் வெப்பம் 90-ஐத் தாண்டி நின்றது. திருப்பிய பிறகு 80-ஐ ஒட்டி, சில நேரம் 83. கூலர் அதே, ஃபேன் அதே, அறை அதே. செலவு, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் கொஞ்சம் மட்டும். கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான். கீழ்ச்சூடு இல்லாத கம்ப்யூட்டரில், அதாவது தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் மெஷினில், மேல்நோக்கி மாட்டினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. கடைப் பையன் சோதித்துப் பார்த்தது ஒருவேளை அப்படிப்பட்ட மெஷின்களிலாக இருக்கலாம்.

ஃபேன் எந்தப் பக்கம் காற்றை விடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. சட்டத்தில் மோட்டாரைத் தாங்கிப் பிடிக்கிற நாலைந்து கைகள் ஒரு பக்கம் தெரியும். பெரும்பாலும் ஸ்டிக்கரும் வயரும் அந்தப் பக்கம்தான் இருக்கும். காற்று வெளியேறுவது அந்தப் பக்கம். இறக்கைகள் தடையில்லாமல் தெரிகிற மறுபக்கம் காற்று உள்ளே போவது. சில ஃபேன்களின் சட்டத்தில் இரண்டு அம்புக்குறி இருக்கும், ஒன்று சுற்றும் திசை, மற்றது காற்று போகும் திசை. இப்போது ரிவர்ஸ் இறக்கை வைத்த ஃபேன்களும் கடையில் கிடைக்கின்றன. அழகான பக்கம் வெளியே தெரிய வேண்டும், காற்று உள்ளேயும் வர வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் செய்தது. அவற்றில் கண்ணால் பார்த்துச் சொல்கிற விதி தலைகீழாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஃபேன் ஓடும்போது பக்கத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபடுகிறதா, விரட்டப்படுகிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். சாம்பல் உள்ளே விழாமல் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியும் என்னிடம் வருகிறது: வயரை மாற்றிப் போட்டால் ஃபேன் திரும்பிச் சுற்றாதா? சுற்றாது. கம்ப்யூட்டர் ஃபேனில் இருப்பது பிரஷ் இல்லாத டிசி மோட்டார், உள்ளே சின்ன எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஓடாமல் நிற்கும், கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. திசை மாற வேண்டும் என்றால் ஃபேனையே கழற்றித் திருப்பித்தான் மாட்ட வேண்டும்.

கூலர் சரியான திசையில் உட்கார்ந்த பிறகு அடுத்த ஆசை வந்தது. ஃபேன் தகடுகளுக்கு முன்னால் நின்று ஊதுவது நல்லதா, பின்னால் நின்று இழுப்பது நல்லதா? ஏகே400-இல் ஃபேன் கம்பிக் கிளிப்பில் தொங்குகிறது, அதனால் சோதிப்பது கஷ்டம் இல்லை. பின்னால் மாட்டிப் பார்த்தேன். ஒரு டிகிரி முன்னே பின்னே. ஊதும்போது காற்று தகடுகளில் சுழன்று மோதுவதால் கொஞ்சம் லாபம் இருப்பதாகச் சொல்வார்கள். என் அறையில் ஜன்னலைத் திறந்து மூடினாலே அந்த ஒரு டிகிரி மாறிவிடும். உயரமான ரேம் இடிக்கிறது, முன்னால் இடம் இல்லை என்றால் தாராளமாகப் பின்னால் மாட்டி இழுக்க விடலாம். காற்று போகும் திசை மாறாமல் இருந்தால் போதும்.

முன்னும் பின்னும் இரண்டு ஃபேன் போடுவது பற்றி: இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று ஊத, மற்றது இழுக்க. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, நாக்டுவா என்எச்-டி15 மாதிரி இரட்டைக் கோபுரங்களில் இந்த ஏற்பாடு பெட்டியிலேயே வருகிறது. ஒற்றைக் கோபுரத்துக்கு இரண்டாவது ஃபேன் வாங்கிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசைக் கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்குப் போடுங்கள்.

வேண்டுமென்றே தப்பாகவும் மாட்டிப் பார்த்தேன். கூலர் ஃபேனை ரிவர்ஸில் வைத்து, காற்று பின்னாலிருந்து முன்னால் வரும்படி. முன்பக்க ஃபேன்கள் உள்ளே தள்ளுகிற காற்றும் கூலர் விடுகிற சூடான காற்றும் நடுவில் மோதிக்கொண்டன. பின்பக்க ஃபேனும் கூலரும் ஒரே இடத்திலிருந்து காற்றுக்குச் சண்டை போட்டன. ப்ராசஸர் வெப்பம் ஏறியதோடு ரேம் பக்கம் கை வைத்தாலே அனல் தெரிந்தது. மாலைக்குள் பழையபடி மாற்றிவிட்டேன். அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர்களில் இப்படி இருப்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். லோகோ வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையில் ஃபேனைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

மேல்பக்க ஃபேன் இருக்கிற கேபினெட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேலே முன்பக்கமாக, அதாவது கூலருக்கு முன்னால் இருக்கிற இடத்தில் வெளியே தள்ளுகிற ஃபேன் போட்டால், வெளியிலிருந்து வந்த குளிர்ந்த காற்று கூலருக்குப் போய்ச் சேருவதற்குள் அது பிடுங்கி மேலே விட்டுவிடும். மேலே போட வேண்டும் என்றால் பின்பக்க மூலையில் ஒன்று போதும். மூன்று ஃபேன் போட இடம் இருக்கிறது என்பதற்காக மூன்றும் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்தத் திசைக் குழப்பம் நம்மோடு தொடங்கியது கிடையாது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு, கேபினெட் அமைப்பைக் கொண்டுவந்தபோது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரெண்ட் கொடுக்கிற பெட்டி) ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ப்ராசஸர் மேல் விட வேண்டும் என்பது யோசனை. ஒரே ஃபேனில் இரண்டு வேலை. ஆனால் அந்தக் காற்று எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டையும் வாங்கிக்கொண்டுதான் ப்ராசஸருக்கு வந்தது, தூசியும் சேர்ந்து வந்தது. பிறகு எஸ்எம்பிஎஸ் ஃபேன் காற்றை வெளியே தள்ளும் திசையே நிலைத்துவிட்டது. அடுத்து இன்டெல் பிடிஎக்ஸ் என்ற வேறு அமைப்பைக் கொண்டுவந்தது. ப்ராசஸரைக் கேபினெட்டின் முன்பக்கம் வைத்து, வெளிக்காற்று முதலில் அதன்மேல் பட்டு நேராகப் பின்னால் போகிற மாதிரி. காற்றோட்டத்தைப் பொறுத்தவரை நல்ல திட்டம். ஆனால் கடைகளில் எடுபடவில்லை, 2006-இல் கைவிட்டார்கள். ஏடிஎக்ஸ் கேபினெட்டில் நாம் கோபுரக் கூலரை முன்னிருந்து பின்னாகத் திருப்பி வைக்கும்போது பிடிஎக்ஸ் செய்ய நினைத்ததைத்தான் பாதியாவது செய்கிறோம்.

மாட்டும் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏகே400-ஐக் கழற்ற முதலில் ஃபேனை எடுத்தால்தான் உள்பக்க ஸ்க்ரூ கைக்கு எட்டும். நீளமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, கரெண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரே பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள ஊசிக் கால் வளைந்தால் வம்பு. ஏஎம்டி போர்டில் ஓட்டைகள் 90-க்கு 54 மி.மீ. நீள்சதுரம் என்பதால் எல்லாக் கூலர்களையும் நினைத்தபடி திருப்ப முடியாது. வாங்குவதற்கு முன் அந்தக் கூலரின் மேனுவலில் படம் பார்த்துவிடுங்கள்.

தூசி தனிக் கதை. நாங்கள் வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் சாம்பிராணி போடுவோம். அந்தப் புகை தூசியோடு சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசுபிசு என்று ஒட்டும். முன்பக்க ஃபேன்கள் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காற்றை உள்ளே தள்ளினால், காற்று எல்லாம் முன்வலையின் ஃபில்டர் வழியாக வரும், சந்து பொந்து வழியாகத் தூசி இழுபடுவது குறையும். கூலரில் தூசி சேருவது பெரும்பாலும் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில். ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் பாய் மாதிரியான படலமே கண்ணுக்குத் தெரியும். பிரஷ் வைத்துத் தட்டி எடுக்கலாம். எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் தங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து அதுவும் பீய்ச்சும். வேண்டாம். ப்ளோயர் போட்டாலும் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு போடுங்கள், கன்னாபின்னாவென்று சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

சத்தம்? ரெண்டர் நேரத்தில் ஃபேன் முழு வேகத்துக்குப் போனால் காதில் விழத்தான் செய்யும். எங்கள் அறையில் மின்விசிறி அதைவிடச் சத்தமாக ஓடுவதால் நான் குறை சொல்ல மாட்டேன். திசை மாற்றிய பிறகு ஃபேன் உச்ச வேகத்தைத் தொடுவதே அபூர்வம், அதனால் ராத்திரி பக்கத்து அறையில் மாமியார் தூக்கத்துக்கும் பங்கம் இல்லை.

யார் வாங்கலாம்: 125 வாட் வரை ப்ராசஸரை நீண்ட நேரம் வேலை வாங்குகிறவர்கள், நம் ஊர் வெயிலிலும் நம்பி வாங்கலாம். 180 வாட்டை வரம்பில்லாமல் மணிக்கணக்கில் ஓட்டியே தீர வேண்டும் என்றால் இரட்டைக் கோபுரத்துக்குப் போங்கள். அதைவிட பயோஸில் வாட் வரம்பு வைப்பது செலவில்லாத வழி. எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் கேபினெட்டுக்குள் 155 மி.மீ. உயரம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒடுக்கமான பழைய கேபினெட்டுகளில் கண்ணாடிக் கதவு மூடாது.

அப்படி இடமில்லாதவர்களுக்கு, தகடுகளும் ஃபேனும் மதர்போர்டுக்கு மேல் தட்டையாகப் படுத்திருக்கிற படுக்கை வசக் கூலர்தான். வீட்டுக்காரரின் அண்ணன் ஹார்டுவேர் கடை பில்லிங் கம்ப்யூட்டரில் அதுதான் இருக்கிறது. அதில் ஃபேன் மதர்போர்டைப் பார்த்து ஊத வேண்டும், அப்போதுதான் ப்ராசஸரைச் சுற்றியுள்ள பவர் பாகங்களுக்கும் காற்று படும். கதவில் ஓட்டை இருந்து, ஃபேனுக்கு மேலே வெளிக்காற்று கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் அந்த ஓட்டை மேலேயே போன வருஷக் காலண்டரை ஒட்டி வைத்திருந்தார். கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.